கலவன் இல்லாத கோதுமை

தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(ஏ) என்று ஒன்று உண்டு. ஓர் ஊழியருக்குச் சிறு தண்டனை தருவதாக இருந்தாலும், குற்றச்சாட்டு இன்னதென்று எழுத்தில் தெரிவித்து, அவருடைய விளக்கத்தைக் கேட்டு, அதைப் பரிசீலித்த பிறகே தர வேண்டும். பெரிய தண்டனை என்றால் 17(பி). அதற்கு விசாரணையே நடத்த வேண்டும். பணியில் இருந்த காலமெல்லாம் இந்த விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். பிறருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். எனக்கும் ஒருமுறை கொடுத்தார்கள். நான் எழுதிய விளக்கத்தைப் படித்து முடித்தவர் அதற்குப் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை. இந்த விதி வீட்டுக்கும் பொருந்தும் என்று மட்டும் எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.

நான் விதைச் சான்றளிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிதம்பரத்தில் சொந்த வீடு. மனைவி நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு ஓய்வூதியக்காரர்கள் ஒரே வீட்டில் இருந்தால், காலை காப்பியிலிருந்தே ஒருவர் இன்னொருவருக்கு மேலதிகாரி.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். விதைக்காக நெல் பயிரிட்ட வயலில் இறங்கி நடப்போம். ஒரே ரகம் என்று எழுதிக் கொடுத்த வயலில் ஒன்று மட்டும் உயரமாக நிற்கும், ஒன்று முந்திப் பூத்திருக்கும், ஒன்றின் கதிரில் மட்டும் மீசை இருக்கும். அதற்குக் கலவன் என்று பெயர். கலவனைப் பிடுங்கி வரப்பில் போடச் சொல்வோம். அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தால் வயலைத் தள்ளுபடி செய்வோம். குமராட்சிப் பக்கம் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே, "கலவன் வர்றாரு" என்பார்கள். என்னைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கண்டுகொள்ள மாட்டேன்.

கலவனைத் தேடிப் பழகிய கண் ஓய்வூதிய ஆணை வந்ததும் மூடிக்கொள்வதில்லை. காய்கறிக் கடைத் தராசு, கேஸ் சிலிண்டரின் எடை, மாத்திரை அட்டையின் தேதி என்று அது தனக்கு வேலை தேடிக்கொள்ளும்.

மனைவிக்குச் சர்க்கரை ஏறியிருப்பதாகச் சொன்ன டாக்டர், அரிசியைக் குறைக்கச் சொன்னார். கடலூரில் புதிதாகத் திறந்திருந்த இயற்கை அங்காடி ஒன்றிலிருந்து கோதுமைப் பொட்டலம் வாங்கி வந்தோம். அதன்மேல் 'பாரம்பரிய சம்பா கோதுமை. சர்க்கரை நோயாளிகள் பயமின்றி உண்ணலாம்' என்று அச்சிட்டிருந்தது. பக்கத்தில் ஏர் பூட்டிய இரண்டு மாடுகள். எந்த ஊரில் விளைந்தது, எந்த ரகம் என்று எங்கும் இல்லை. மாடுகளின் கொம்பு மட்டும் தெளிவாக இருந்தது.

இத்தனை சந்தேகக்காரன் அந்தப் பொட்டலத்தை ஏன் நம்பினேன் என்றால், ஒரு சொல்லுக்காகத்தான். எங்கள் பக்கத்தில் சம்பா என்றால் நெல். மழைக்கு முன் இறங்கி, மெதுவாக வளர்ந்து, தை பிறக்கும்போது அறுப்புக்கு வரும் பயிர். குறுவை அவசரக்காரன், சம்பா நிதானமானவன் என்று சிதம்பரத்தில் நெல் விளைவிக்காதவனுக்கும் தெரியும். சம்பா அரிசி உடம்புக்கு நல்லது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் கோதுமையின் முன்னால் சம்பா என்று போட்டிருந்ததும் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டோம். கோதுமைக்குச் சம்பாப் பருவம் எங்கும் கிடையாது. நீளமான செந்நிற மணிக்கு யாரோ ஒரு வியாபாரி வைத்த பெயராக இருக்கலாம். இது கடலூர் மாவட்டத்தில் பிறந்தவன் செய்யக்கூடிய தவறு. திருநெல்வேலிக்காரன் வேறு ஏதாவது தவறு செய்திருப்பான்.

கோதுமையைத் தீரத் தீர வாங்கி, மாவு மில்லில் ரவையாக உடைத்து வந்தோம். எங்கள் வீட்டில் இரவுச் சமையல் என் பொறுப்பு. தினமும் உப்புமா, இல்லையென்றால் கஞ்சி. அரிசிச் சோற்றில் கஞ்சத்தனம் காட்டிய நான் கோதுமையில் தாராளமாக இருந்தேன்.

"போதுங்க" என்பாள்.

"சம்பாதான். ஒண்ணும் பண்ணாது" என்று இன்னொரு கரண்டி வைப்பேன்.

தீபாவளி முடிந்து ரத்தப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை குறையவில்லை. முன்பைவிட ஏறியிருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா ஊசிதாம்மா" என்றார். என் மனைவி பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்தால் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு, தான் மட்டும் வராந்தாவுக்குப் போய் நின்றுகொள்பவள். டாக்டர் என்னிடம் தனியாக, "ஏதோ உள்ள போகுது சார், கவனிங்க" என்று சொல்லியிருந்தார். கவனிப்பது எனக்குச் சொல்லித் தர வேண்டிய வேலை இல்லை.

சமயம் தீபாவளி. வீட்டில் அதிரசம், பக்கத்து வீட்டிலிருந்து வந்த மைசூர்பாகு. எனக்கு வேறு என்ன தோன்றும்? சர்க்கரை டப்பாவில், உள்ளிருக்கும் சர்க்கரையின் மட்டத்துக்கு நேராகப் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டேன். வெல்ல டப்பாவுக்கும் ஒரு கோடு. மறுநாள் பார்த்தேன். மட்டம் இறங்கவில்லை. அதனால் சந்தேகம் தீர்ந்ததா என்றால், இல்லை. பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிடுகிறாளோ என்று அடுத்த கட்டத்துக்குப் போனது.

கோட்டை அவள் பார்த்துவிட்டாள்.

"இது என்னங்க கோடு?"

"எந்தக் கோடு?"

"சக்கரை டப்பாவுல. தேதி வேற போட்டுருக்கு. இனிஷியலும் இருக்கு."

உண்மைதான். மாதிரிப் பைக்கு முத்திரை வைத்துப் பழகிய கை அது.

"சாட்சிக் கையெழுத்தக் காணுமே. பக்கத்து வூட்டுல வாங்கிட்டு வரட்டா?"

"டாக்டர் சொன்னாரு, ஏதோ உள்ள போவுதுன்னு."

"டாக்டர் சொன்னாரு. நான் என்ன சொன்னேன்? நீ தின்னியான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவள் கத்தவில்லை. தலைமையாசிரியைகள் கத்துவதில்லை, குரலைத் தணித்தால்தான் பயப்பட வேண்டும். மறுநாள் காலையில் இரண்டு பைகளோடு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"எப்ப வருவ?"

"கோடு எறங்குனா சொல்லுங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

கோடு இறங்கவில்லை. நான் காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

தனியாக இருக்கும் வீட்டில் சந்தேகப்பட ஆள் இல்லாமல் போனால், சந்தேகம் பொருள்மேல் திரும்பும். அடுக்களை மேடையில், உடைக்காமல் மிஞ்சிய பாதிப் பொட்டலம் கோதுமை உட்கார்ந்திருந்தது. ஒரு பிடி எடுத்து வெள்ளைத் துண்டில் பரப்பினேன். பூதக்கண்ணாடி இன்னும் கைவசம் உண்டு. ஒவ்வொரு மணியும் ஒரே நீளம், ஒரே நிறம், ஒரே வயிற்றுக்கோடு. பாரம்பரியம் என்றால் இவ்வளவு ஒழுங்காகவா இருக்கும்?

பயிற்சிக்காக ஒருமுறை வடக்கே அனுப்பியிருந்தார்கள். அங்கே பழைய கோதுமை வயல் ஒன்றைக் காட்டினார்கள். நெட்டையும் குட்டையும் நடுத்தரமுமாக, மீசை கறுத்த கதிரும் வெளுத்த கதிரும் கலந்து நின்றது. எனக்குக் கை பரபரத்தது. முழுவதும் கலவன், தள்ளுபடி செய்திருப்பேன். கூட வந்த ஆராய்ச்சியாளர் சிரித்துவிட்டு, இந்தக் கலப்புதான் அதன் சொத்து என்றார். ஒன்று துருநோய்க்குத் தாங்கும், ஒன்று வறட்சிக்குத் தாங்கும், எல்லாம் ஒரே நாளில் சாகாது. நவீன ரகங்களோ ஒரே அச்சில் வார்த்தவை. அவற்றைக் குட்டையாக்கிய மரபணு பெரும்பாலும் ஜப்பானியக் குட்டைக் கோதுமை ஒன்றின் வழி வந்தது என்றார். நம் ஊரில் சம்பா கோதுமை என்று விற்பது இன்னும் பழைய இனம், எம்மர் என்பார்கள் என்றும் சொன்னார். சப்பாத்திக் கோதுமைக்கு நாற்பத்திரண்டு குரோமோசோம், எம்மருக்கு இருபத்தெட்டு. மணியை வைத்துச் சொல்வது கஷ்டம். கதிரைக் கையில் தேய்த்தால் தெரிந்துவிடும். சப்பாத்திக் கோதுமையின் உமி ஊதினால் பறக்கும். எம்மர் உமியை விடாது, இடித்துத்தான் எடுக்க வேண்டும். அன்று இதையெல்லாம் குறித்துக்கொண்டு, நெல் வேலைக்குத் திரும்பி மறந்துவிட்டேன்.

முதலில் முறைப்படி, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டேன். உணவு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு, இந்தப் பொட்டலத்தில் இருப்பது எந்த ரகம், 'பாரம்பரிய' என்ற சொல்லை யார் சரிபார்த்தார்கள் என்று. ரகம் பற்றிய கேள்வி என்பதால் விதை சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மாற்றியிருப்பதாக எனக்கு நகல் வந்தது. விதைக்காரர்கள் என் பழைய ஆட்கள். அவர்கள் எழுதியது இலக்கண சுத்தமாக இருந்தது: மனுதாரர் குறிப்பிடும் பொருள் உண்பதற்காக விற்கப்பட்டது, விதைப்பதற்காக விற்கப்படாதது விதை ஆகாது, எனவே மனு உணவு அலுவலகத்துக்கே திருப்பப்படுகிறது. அந்த வாசகத்தை ஒரு காலத்தில் நானே வரைவு செய்திருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் முப்பது நாள் கெடு இருக்கிறது. அந்தக் கெடு ஒரு அலுவலகத்தின் படி ஏறி இன்னொரு அலுவலகத்தின் படி இறங்கிக்கொண்டிருந்தது.

விதைப்பதற்காக விற்கப்படாதது விதை ஆகாது. சரி, நான் விதைத்துவிட்டால்?

கார்த்திகை மழை விட்டதும், பெயின்ட் வாளிகள் இரண்டில் அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பி மொட்டை மாடியில் வைத்தேன். ஒன்றில் பொட்டலத்துக் கோதுமை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றில் ரேஷன் கோதுமை. சிதம்பரத்துக் குளிரில் கோதுமை நன்றாக விளையாது. ஆனால் எனக்கு வேண்டியது விளைச்சல் இல்லை, கதிர்.

பக்கத்து வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்தவர். தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சார், மொளப்பாரியா? எந்தக் கோயிலுக்கு?"

"கோதுமை."

"சிதம்பரத்துலயா? அப்ப சப்பாத்தி எப்ப சார்?"

"இது சாப்பிட இல்ல. பரிசோதனை."

"வூட்டம்மா இல்லாத வூட்டுல எல்லாமே பரிசோதனைதான் சார்" என்றார். அவள் ஏன் போனாள் என்று அவருக்குத் தெரியுமா என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

ஆருத்ரா தரிசனத்துக்கு மச்சான் வந்தான். தேரைப் பார்த்த கையோடு வீட்டுக்கும் வந்து, நான் போட்ட காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தான்.

"மாமா, அக்காவுக்கு சக்கரை எறங்கிடுச்சு. டாக்டரு ஊசி இப்போதைக்கி வேணாம்னுட்டாரு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை முகத்தில் காட்டவில்லை.

"என்ன சாப்புடறா அங்க?"

"சோறுதான்."

"அரிசிச் சோறா?"

"வேற என்னா சோறு? ஒரு கப்பு, அளந்து. நாங்க எவ்ளோ சொன்னாலும் ரெண்டாவது வாட்டி வாங்க மாட்டேங்குது."

"எந்த லேப்ல பாத்தீங்க?"

"லேப்புக்கும் பென்சில் கோடு போடணுமா மாமா?"

அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

அரிசியில் இறங்கியது, சம்பா கோதுமையில் ஏறியது. அவன் போன பிறகு வாளிகளுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மனைவி மேல் இருந்த சந்தேகம் மொத்தமாகப் பொட்டலத்தின்மேல் இறங்கிவிட்டது. ஆனால் அதற்கும் ஆதாரம் வேண்டும்.

பொங்கலுக்கு அவள் வந்தாள். வாசலில் கோலம் போட்டாள், பொங்கல் வைத்தாள், எனக்கு மட்டும் சர்க்கரைப் பொங்கல் பரிமாறினாள். சர்க்கரை டப்பாவை எடுத்துக் கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். பிறகு வடாம் காயப்போட மாடிக்குப் போனவள் வாளிகளைப் பார்த்துவிட்டாள்.

"இது என்ன?"

"சாட்சி."

"யாருக்கு?"

"உனக்குத்தான். நீ ஒண்ணும் தின்னல, கோதுமைதான் டூப்ளிகேட்டுன்னு நிரூபிக்கப் போறேன்."

அவள் குனிந்து ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் தின்னலன்றதுக்கு இந்தப் புல்லு வந்து சாட்சி சொல்லணுமா?"

"அதுக்கில்ல..."

"எங்க ஸ்கூல்ல லேட்டா வந்த வாத்தியாருக்குக்கூட, ஏன் லேட்டுன்னு மொதல்ல மெமோ குடுத்துக் கேப்பேன். எனக்கு மெமோவே வரல. நேரா பனிஷ்மென்ட்டு. இப்ப பயிரு வச்சு அப்பீலு." வடாத்துணியை உதறினாள். "கதிரு வந்ததும் எனக்கு விடுதலைன்னு ஆர்டர் போடுவீங்க. தப்பே பண்ணாதவளுக்கு எதுக்குங்க விடுதலை?"

காணும் பொங்கல் முடிந்ததும் கடலூர் பஸ் ஏறிவிட்டாள். வடாத்தை நான்தான் எடுத்து வைத்தேன்.

தை முடியும்போது கதிர்கள் வந்துவிட்டன. வெயிலில் அவசரப்பட்ட ஒல்லிக் கதிர்கள். முதலில் ரேஷன் வாளியைப் பார்த்தேன். இரண்டு மூன்று உயரம், முன்னும் பின்னுமாகப் பூத்தது, ஒரு கதிரின் மீசை சிவப்பு. வடக்கே பல ஊர்களில் கொள்முதல் செய்து ஒன்றாகக் கொட்டிய கோதுமை, அப்படித்தான் இருக்கும். இதைப் பாரம்பரியக் கலப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு முகம். அதற்காக அது ஒரு குடும்பம் ஆகிவிடாது. பழைய பயிரின் கலப்பு, ஒரே வீட்டில் பிறந்து ஆளுக்கு ஒரு முகமாக இருப்பவர்களுடையது.

பிறகு பொட்டலத்து வாளி. அத்தனையும் ஒரே உயரம், குட்டை. ஒரே சமயத்தில் கதிர் வெளிவந்து, ஒரே கோணத்தில் சாய்ந்து, சுதந்திர தின அணிவகுப்பு மாதிரி நின்றன. உட்கார்ந்து, எழுந்து, சுற்றி வந்து தேடினேன். ஒரு கலவன்கூட இல்லை. பணியில் இருந்திருந்தால் முதல் பார்வையிலேயே கையெழுத்துப் போட்டு, விவசாயி கொடுத்த இளநீரைக் குடித்திருப்பேன். வாழ்நாளில் முதல்முறையாக, கலவன் இல்லை என்பதற்காக ஒரு பயிரைச் சந்தேகப்பட்டேன்.

ஒழுங்கு மட்டும் ஆதாரம் ஆகாது. எம்மரிலும் இப்போது குட்டையாக, ஒரே சீராக ரகம் தயாரிக்கிறார்கள். அதனால் மாசியில் கதிர் காயும்வரை காத்திருந்தேன். ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் தேய்த்து ஊதினேன். உமி பறந்து கண்டக்டர் வீட்டு மாடிப் பக்கம் போனது. கையில் சுத்தமான கோதுமை மணிகள். இன்னொரு கதிர், இன்னொன்று. எல்லாவற்றிலும் உமி கழன்றுகொண்டது. பொட்டலத்தில் இருந்தது சப்பாத்திக் கோதுமை. சற்று நீளமான மணியாகப் பொறுக்கி எடுத்து, ஏர் மாட்டுப் படம் போட்டுவிட்டார்கள்.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் வாளிகளை ஓரம் தள்ளும்வரைதான் இருந்தது. அடுக்களைக்கு வந்து கரண்டியைக் கையில் எடுத்தபோது, மச்சான் சொன்ன ஒரு கப்பு நினைவுக்கு வந்தது. சம்பாவோ, சப்பாத்தியோ, ரேஷனோ, எல்லாமே மாவுச்சத்துதான். அது நிஜமான எம்மராகவே இருந்திருந்தாலும், தினமும் இரவில் இரண்டாவது கரண்டி விழுந்தால் ரத்தத்துக்கு என்ன தெரியும், பொட்டலத்தில் சம்பா என்று எழுதியிருந்தது என்று? அந்தக் கரண்டியை வைத்தவன் யார் என்று விசாரிக்கக் குழு எதுவும் தேவையில்லை.

உணவு அலுவலகத்துக்கு நினைவூட்டல் எழுத உட்கார்ந்தேன். எழுதாமல் எழுந்துவிட்டேன். என்னிடம் இன்னொரு கோப்பு நிலுவையில் இருந்தது. அதில் தண்டனை கொடுத்தாகிவிட்டது, குற்றச்சாட்டு பொய் என்றும் தெரிந்துவிட்டது. ஆனால் 17(ஏ)-வில் முதலில் செய்ய வேண்டியதை இன்னும் செய்யவில்லை.

போனை எடுத்து, 'பொருள்', 'பார்வை' என்று ஆரம்பித்து, கதிரின் படத்தை இணைப்பு ஒன்று என்று சேர்த்து, நீளமாகத் தட்டினேன். படித்துப் பார்த்தேன். அது தீர்ப்பு மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் அழித்தேன், படத்தையும் எடுத்துவிட்டேன். ஒரே வரி மட்டும் அனுப்பினேன்:

'தீபாவளி சமயத்தில் எனக்குத் தெரியாமல் இனிப்பு ஏதாவது சாப்பிட்டாயா?'

இரண்டு நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை. அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பதிலளிக்க நியாயமான அவகாசம் தர வேண்டும் என்று விதியில் இருக்கிறது. எவ்வளவு என்று இல்லை. சர்க்கரை டப்பாவின் கோட்டை ஈரத்துணியால் துடைத்தேன். லேசாக ஒரு தடம் நின்றுவிட்டது.

உணவு அலுவலகத்தின் பதில் இதை எழுதும்வரை எனக்கு வரவில்லை. அவளுடைய பதில், கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து, தீர்த்தவாரிக் கூட்டத்துக்கு நடுவே தட்டியது என்பது பின்னால் மச்சான் சொல்லித் தெரிந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: 'இல்ல. ரெண்டாவது கரண்டி வச்சது யாருன்னு உங்க விளக்கம் தேவை. வெள்ளிக்கெழம வரேன், நேர்ல குடுங்க.'

அந்தப் பதில் வந்து சேர்ந்த நாள், மாசி மகம்.